ஏழாவது நாசில்

ஆலை தேதி கொடுத்துவிட்டது:
செப்டம்பர் ஒன்பது, செவ்வாய்,
விடிகாலை ஆறுக்கு முதல் லாரி.
தேதி கேட்டுக் காய்ப்பதில்லை தக்காளி.
குவாதியானா ஆற்றங்கரையில்
ஆகஸ்ட் கடைசியில் நான்கு நாள் மூட்டம்.
பாதி காய், கால்வாசி செங்காய்,
மிச்சம் இலைக்கடியில் சிவப்பு,
அதுவும் அரைமனசாய்.

"எப்போது வருகிறாய், ஒப்துலியா?"
போனை எடுத்ததும் வணக்கமில்லை, சுகமா இல்லை.
பௌதிலியோவுக்குப் பதினோரு ஹெக்டேர், வங்கியில் இரண்டு கடன்.

நான் மருந்தடிக்கிறவள்.
நட்டவள் இல்லை, விற்பவளும் இல்லை.
நடுவில் ஒரு காலை வந்து
அவசரத்தைத் தெளித்துவிட்டுப் போகிறவள்.

எத்திஃபான்.
மூடி திறந்தால் மூக்கில் ஏறும் புளித்த நெடி.
ஹெக்டேருக்கு மூன்று லிட்டர்.
கேனில் இருக்கும்வரை வெறும் அமிலம்;
செடிக்குள் போனதும் உடைந்து வாயுவாகும்,
ஒரு பழம் பக்கத்துக் காயின்மேல் விடும்
அதே மூச்சு.
புதிதாய் எதுவும் சொல்லித்தருவதில்லை நாம்.
அது சொல்லவிருந்ததை
முன்னதாகச் சொல்லவைக்கிறோம்.
தடியால் அடித்துக் கனியவைக்க முடியாது என்பார்கள்.
தடி எதற்கு?
பன்னிரண்டு மீட்டர் இரும்புக் கை,
வரிசைக்கு ஒன்றாய் எட்டு நாசில்.

குளிர்ந்தால் மருந்து தூங்கிவிடும்.
கொதித்தால் இலை உதிர்ந்து பழம் வெயிலில் வேகும்.
அன்று இரண்டுமில்லை, நல்ல காலை.
கடைசித் திருப்பத்தில்
ஏழாவது நாசில் அடைத்துக்கொண்டது.
பார்த்தேன்.
இறங்கவில்லை.
பதினொன்றுக்கு எனக்குப் பல் டாக்டர்.

எட்டாம் நாள் வயலே மஞ்சள்,
மஞ்சளுக்கடியில் ஒரே சிவப்பு,
வாக்கெடுப்பில் எல்லோரும்
ஒன்றாய்க் கை தூக்கியதுபோல.
"சூனியக்காரி!" என்று கத்தினார் பௌதிலியோ,
அவர் அகராதியில் அது பாராட்டு.

திங்கள் இரவு ஆலையிலிருந்து போன்.
எவாப்பரேட்டர் குழாய் வெடித்ததாம்.
ஆறு நாள். ஏழும் ஆகலாம்.
நெடுஞ்சாலை ஓரம் நின்றுவிட்ட லாரிகள்,
அவற்றின் சக்கரத்தடியில் செந்நீர்,
மின்கோபுரத்தில் நாரைகள், எதற்கும் சம்பந்தமில்லாமல்.

கனி என்று சொல்ல மருந்து உண்டு.
பொறு என்று சொல்ல
மியஹாதாஸ் கடைத்தெருவில் எதுவும் கிடைக்கவில்லை.
பௌதிலியோ கேட்டே பார்த்தார்.
கடைக்காரர் சிரிக்காமலிருக்கப் பட்ட பாடு!

அறுவடை இயந்திரம் வந்தபோது
வயல் ஈக்களுடையது.
பெல்ட்டில் நின்ற வியோரிகா
ருமேனிய மொழியில் திட்டித் திட்டி எறிந்தாள்.
தொட்டால் தோல் மட்டும் கையோடு வந்தது.
பூஞ்சைக்கு இத்தனை, உடைசலுக்கு இத்தனை என்று
ஆலை பிடித்துக்கொண்டது நாற்பது சதவீதம்.

கூலி கேட்க வந்தவள்
வரப்பில் நின்றுகொண்டிருந்தேன்.
இயந்திரம் கடைசிப் பக்கம் திரும்பியது.
திடீரென்று பெல்ட்டில் சத்தம் மாறியது:
சதசதப்பு போய், கட்டுக் கட்டென்று
கூழாங்கல் உருளுவதுபோல.
கெட்டியாய், முழுதாய், அன்றுதான் சிவந்தவை.
நானூற்று இருபது மீட்டர்.
ஏழு நிமிடம்
யார் கையும் எதையும் எறியவில்லை.
வியோரிகா கையுறையைக் கழற்றி
ஒன்றைக் கடித்தாள்.
"இது என்ன ரகம்?" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"அதே ரகம்தான்."

அவையும் அதே டிரெய்லரில் விழுந்தன,
மற்றதன்மேல்,
ஆலையில் எல்லாம் ஒரே கூழ்.

வீட்டில் நாசிலைக் கழற்றி ஊதினேன்.
கால்வாய் மணல், ஒரே ஒரு துகள்.
பௌதிலியோ முழுப் பணமும் கொடுத்திருந்தார்,
பாதி சில்லறையாய்,
எண்ணாமல்.
அந்த ஒரு வரிசையைக் கழிக்கலாம் என்று
பேனாவை எடுத்தேன்.
கழித்தால் காரணம் சொல்லவேண்டும்.